தம்பியின் பிடி

செல்லிப்பட்டில் தம்பியைப் பெற்ற அன்றே அம்மா செத்துப்போனாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிணத்தின் பக்கத்தில் கிடந்த தம்பி, அவிழ்ந்து கிடந்த அவள் கூந்தலை இறுகப் பிடித்திருந்தான். இழுத்துப் பார்த்தும் விடவில்லை.

"புள்ளைய அவ கூடவே கூட்டிக்கினு போவப் பாக்கறாடி, முடிய வெட்டிவுடு" என்று பெரியம்மா பாக்குவெட்டியை என்னிடம் கொடுத்தாள். நான்தான் வெட்டினேன்.

அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. கைக்குழந்தைக்காரிகள் மூன்று பேர் இருந்தார்கள். செத்தவள் கேட்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் தங்கள் பிள்ளையையும் கேட்பாள் என்று ஒருத்தியும் வரவில்லை. சங்கில் புகட்டிய பசும்பாலைத் தம்பி கக்கினான். மூன்றாம் நாள் அவனையும் புதைத்தோம். "பாத்தியா, கூட்டிக்கினு பூட்டா" என்றாள் பெரியம்மா. நானும் நம்பித் தொலைத்தேன்.

பிற்பாடு டவுனில் பிரசவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். பிரான்சில் படித்துவிட்டு வந்த தமிழ் டாக்டர், அப்போதுதான் பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தார். அது இறுகப் பிடித்தது.

"எல்லாப் புள்ளையும் இப்படித்தாம்மா புடிக்கும். குரங்குக்குட்டி தாய் முடியப் புடிச்சிக்கினு தொங்குதே, அந்தப் பழக்கம் மனுஷன் கைய வுட்டு இன்னும் போவல" என்றார்.

பால் கொடுக்க வராத அந்த மூவரில் ஒருத்தி தூக்கியிருந்தால், அவள் கூந்தலையும் தம்பி அப்படித்தான் பிடித்திருப்பான்.