அழிந்த பச்சைப் பொட்டு

சூலூரிலிருந்து பஸ் ஏறிவரும் லின்சிக்குக் கோவை ஆய்வகத்தில் இருபது வருடமாக ஒரே வேலை. செல் பிரியத் தொடங்கும்போது, டி.என்.ஏ. மரபிழை சுற்றியிருக்கும் புரதங்களுக்கு ஒரு நொதி பாஸ்பேட் பொட்டு வைக்கும். பிரிந்ததும் இன்னொரு நொதி அதை அழித்துவிடும். அதற்குள் லின்சி மருந்து ஊற்றிச் செல்லைக் கொன்றுவிட்டால்தான், சாயம் ஏறிய பொட்டு பச்சையாக ஒளிரும்.

அன்று நுண்ணோக்கிக்கு அடியில், குளத்தில் மிதக்கும் நிலாக்கள்போல அத்தனை செல்களும் பிரியத் தயாராகி ஒருசேர உருண்டு நின்றன. மருந்துக் குப்பியைக் கையில் பிடித்தபடி லின்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

சாயமிட்ட பிறகு ஸ்லைடு இருண்டு கிடந்தது.

"ஏனுங்க லின்சி, ஒரு பொட்டையுங் காணமே?" என்றார் விஞ்ஞானி ரவிதேஜா.

"எல்லாம் ரெண்டாகுற வரைக்கும் பொறுத்துப்போட்டேனுங்க," என்றாள் அவள். "ஒன்னு பிரிஞ்சு முடிக்கிறதை இன்னைக்குத்தானுங்க பாத்தேன்."