ஜோசபின் கடை வாசலில் ஒரு நீர்த்தேக்கம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஜோசபின் மளிகைக் கடை நடத்துகிறார். இருபத்தாறு வருடங்களில் கடையின் அடித்தட்டு நனைந்ததே இல்லை. பிறகு பின்புறப் புல்வெளியில் ஒரு ஹோட்டல் எழுந்தது. அதை ஒட்டி இன்னொன்று. அப்போதிலிருந்து, பெருமழை பெய்தால் தண்ணீர் தங்க இடமில்லாமல் ஜோசபினிடம் வந்தது. அரிசி மூட்டைகள் மேல்தட்டுக்கு ஏறின. அடித்தட்டுக்குப் பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. அவற்றுக்கு மிதக்கத் தெரியும்.

வாசலில் வெள்ளத் தடுப்புப் பலகை பொருத்தித் தரும்படி வடிகால் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: தடுப்பு, வெள்ளத்துக்கு மட்டுமே. உங்கள் கடையில் நேர்வது 'பாண்டிங்'. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் தண்ணீருக்கு அலுவலகம் வைத்திருந்த செல்லப் பெயர் அது.

ஆறுதலாக, நான்கு மொழிகளில் ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்தார்கள். தமிழ் வரி, 'கவனம்: நீர்த்தேக்கம்' என்றது. ஊரின் பெரிய மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குப் போட்டியாகத் தன் வாசலிலும் ஒன்று இருப்பது ஜோசபினுக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்துத் தையல்கடை நசீர் சிரித்தார். "என்னக்கா, படகு எப்ப விடப் போறீங்க?"

"நீதான் துடுப்பு போடணும் லா."

அன்றே பலகைக்குக் கீழே ஓர் அட்டை தொங்கியது: 'மீன் பிடிக்கத் தடை.' யாரோ படமெடுத்துப் பரப்பினார்கள். மூன்று கடிதத்துக்கு வராத அதிகாரி, அட்டைக்கு அன்று மாலையே வந்தார். பெயர் அகிலன்.

"ஆன்ட்டி, ட்ரான்ஸ்லேஷன் மிஸ்டேக். அட்டையை எடுத்துடுங்க, ப்ளீஸ்."

"எடுக்கறேன் தம்பி. சரியான வார்த்தை என்ன?"

அவர் கைப்பேசியில் தேடத் தொடங்கினார். மழையும் தொடங்கியது. சற்று நேரத்தில் அவர் எண்ணெய் டின் மேல் நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, என் ஃபைல் மிதக்குது!"

"பதறாதீங்க. பாண்டிங்தானே, வடிஞ்சிடும்."

மறுவாரம் தமிழ் வரி மட்டும் மாறியது: 'கவனம்: வெள்ளம்.' மற்ற மூன்று மொழிகளில் பாண்டிங் அப்படியே இருந்தது. ஜோசபின் அந்த ஒரு வரியைப் படமெடுத்து நான்காவது கடிதத்தோடு அனுப்பினார். அலுவலகத்தின் சொல்லை அலுவலகத்தால் மறுக்க முடியவில்லை. தடுப்பு வந்தது.

அடுத்த மழையில் தண்ணீர் தடுப்பில் முட்டி, யோசித்து, நசீர் கடைக்குள் திரும்பியது. அவர் எழுதிக் கேட்டார். உங்கள் கடையில் நேர்வது பாண்டிங் என்று பதில் வந்தது.

ஜோசபின் மேசைக்கு அடியிலிருந்து பழைய அட்டையை எடுத்துத் தூசி தட்டினார்.

"இந்தா நசீர். வாசல்ல மாட்டு."