ஒட்டிக்கொள்ளும் பேச்சு

யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நான் புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு தமிழ், நடுநடுவே இந்தி, மராத்தி. காதில் விழுந்ததெல்லாம் வாயில் வந்துவிடும். அதில் தப்பு இருக்கும் என்று தோன்றியதே இல்லை, என் நாத்தனாருக்குக் கோபம் வரும்வரை.

அவர் என் கணவரின் அக்கா. தன் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் போன வருடம் திருநெல்வேலியிலிருந்து தளேகாவுக்கு வந்தவர். அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லை. ஞாயிறு ஆனால் லோக்கல் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் பேச்சென்றால் எனக்கு உயிர். லேசாகத் தூறினால், "வானம் மூக்கு சிந்துது பாத்தியா" என்பார். அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

எப்போதும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு சமையலறையில், "நீங்க பைய வாங்க மதினி, நான் எடுத்து வைக்குதேன்" என்று அவர் பேச்சிலேயே வந்துவிட்டது.

கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தார். "என்னளா, கேலி பண்ணுதியா? எங்க பேச்சு ஒனக்கு அம்புட்டு எளப்பமாப் போச்சோ?"

"அரே, அப்படி இல்ல அண்ணி…"

"சவத்த விடு."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனில் தம்பியோடு மட்டும் பேசினார். என் கணவர் அக்காவிடம் பேசும்போது முழு நெல்லைக்காரர். போனை வைத்ததும் பாதி புனேக்காரர். அவரை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஹிஞ்சேவாடிக்கு ஆபீஸ் வண்டியில் போகிற நேரம்தான் எனக்குப் படிப்பு நேரம். "ரோடு இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு மேடம்" என்று டிரைவர் இந்தியில் சொல்வார். நான் காதில் பாட்காஸ்டை மாட்டிக்கொள்வேன். கல்லூரியில் படித்தது வணிகவியல். மொழியியல் முழுக்க இந்த நெரிசலில் கற்றதுதான்: குழந்தைகள் எப்படிப் பேசப் பழகுகின்றன, தெருவுக்குத் தெரு பேச்சு ஏன் மாறுகிறது. புரியாவிட்டால் மறுபடி கேட்பேன்.

ஒருநாள் பாட்காஸ்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோடு நெருங்க நினைக்கிறோமோ அவர்கள் பேச்சுப் பக்கம் நம் பேச்சும் சாயுமாம், நமக்கே தெரியாமல். சில சமயம் அது எதிராளிக்குக் கேலியாகப் படுமாம். "அதேதான்!" என்று நான் கத்தியதில் வண்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமையே தளேகாவுக்கு ரயிலேறினேன். கதவைத் திறந்தவர் "வா" என்றார். முகம் கொடுக்கவில்லை. உட்கார்ந்ததும் கேட்டதையெல்லாம் கொட்டினேன்.

"பிடிச்சாத்தான் அண்ணி ஒட்டும். பிடிக்காதவங்க பேச்சு எனக்கு வரவே வராது."

"காதுல எவளோ சொன்னதக் கேட்டுட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துதியாக்கும்" என்றார்.

அந்த நேரம் கீழே காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டது. அண்ணி பால்கனிக்கு ஓடினார்.

"அரே பாவு, ருக்கோ! தோன் ஜூடி மேத்தி!"

இரண்டு கட்டு வெந்தயக்கீரைதான் கேட்டார். ஆனால் அந்த 'அரே'யை இழுத்தாரே ஓர் இழுப்பு, அது அப்படியே என்னுடையது.

"யாரை அண்ணி கேலி பண்றீங்க? பாஜிவாலாவையா, என்னையா?"

திரும்பினார். முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

"போளா அங்கிட்டு! இது எப்பம்ளா என் வாயில ஏறுச்சு?"

"எங்க வீட்டுக்கு வந்தப்பதான்."

கீரை வந்ததும் தட்டை எங்கள் நடுவில் வைத்து ஒரு கட்டை அவிழ்த்தார். "சும்மாதான இருக்க, இத ஆயுதியா?"

"ஆயுதேன் மதினி."

இந்த முறை அவர் கை நிற்கவில்லை.

"தண்டு விழாமப் பாத்து ஆயி. இன்னொரு கட்ட நாளைக்கு ஒங்க வீட்டுக்குக் கொண்டுட்டு வாரேன்."