கடைத்தெரு வளைவும் என் தம்பியும்

என் தம்பி நகராட்சியில் குடிநீர்க் குழாய் பார்க்கிறவன். இரும்புக் கம்பியைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்குள் எங்கே குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவான். இருபத்திரண்டு வருடத்தில் தப்பான இடத்தைத் தோண்டச் சொன்னது நான்கே முறை. நான் எட்டாவது வரை படித்த தையல்காரிதான்; ஆனாலும் இந்த எண்ணிக்கை சரியாக இருக்கும். ஊரார் அவனை ‘கம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் கடைத்தெரு நேராக வந்து, நடுவில் ஒரு காலி மனையைச் சுற்றி வளைந்து போகும். வெளியூர்க்காரர் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: ரோடு போட்ட கான்ட்ராக்டர் அப்போது அங்கே இருந்த தன் மாமியார் வீட்டை இடிக்கப் பயந்தார். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த மனையில் கடைகள் கட்ட, வியாழக்கிழமை காலை பொக்லைன் வருவதாக இருந்தது. திங்களன்று தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“ரோடு மட்டும் வளையலக்கா. அடியில போற பழைய குழாயும் வளையுது. அதைப் பதிச்சப்போ கான்ட்ராக்டர் பொறந்தே இருக்க மாட்டார்.”

“அதுக்கென்னடா இப்போ?”

“அப்போ எந்த மாமியாருக்குப் பயந்தாங்க?”

அதன்பிறகு அவன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். புதன்கிழமை மனை முழுக்கக் கம்பியை ஊன்றிக் கேட்டுவிட்டு நகராட்சி இன்ஜினியரிடம் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், உள்ள காலியா இருக்கு. மூடின கிணறு. மெஷின் மேல ஏறினா டிரைவரோட உள்ள போயிடும்.”

“வரைபடத்துல கிணறே இல்லையேப்பா. மேலிடத்துக்கு என்னன்னு எழுதட்டும்? கம்பி காதுல கேட்டுதுன்னா?”

திரும்பி வந்து சுண்ணாம்புப் பொடியால் பெரிய வட்டம் போட்டான். கிழக்குப் பக்கம் மணல் குவித்திருந்ததால் அங்கே மட்டும் கம்பியை ஊன்றவில்லை, கண்மட்டத்தில் வளைத்தான்.

“மணலை ஒதுக்கிட்டுக் கேளுடா.”

“கிணறுன்னா வட்டம்தானே. விடுக்கா.”

வியாழனன்று பொக்லைன் டிரைவர் வட்டத்தைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“விழுந்தா வரைபடமா விழப்போகுது? நான்தான் விழணும். கோட்டுக்கு வெளியவே நின்னுக்கறேண்ணே.”

மணலை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிழக்கே நின்று கையை மட்டும் நீட்டித் தோண்டினார். மூன்றாவது அள்ளலில் கல் உடைந்தது. உள்ளே விழுந்தது. வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கடைக்காரர்கள் கை தட்டினார்கள். “கம்பி, உன் காதுக்கு மோதிரம் போடணும்யா!” என்று கத்தினார் சலூன்காரர்.

தம்பி சிரிக்கவில்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தவன் டிரைவர் பக்கம் கையை ஆட்டினான். “இறங்குங்க! எல்லாத்தையும் விட்டுட்டு இறங்குங்க!”

டிரைவர் குதித்தார். அப்புறம்தான் எங்களுக்கும் தெரிந்தது. கிணறு வட்டமாக இல்லை. கிழக்கே படிகள் இறங்கின. படிகளுக்கு மேல் மூடிய பலகைக்கல்லில்தான் பொக்லைன் நின்றிருந்தது. கல்லில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிசல். லாரியில் சங்கிலி கட்டி, பொக்லைனை மெல்லப் பின்னால் இழுத்தார்கள்.

இன்ஜினியர் அன்றைக்கே தன் கையால் வரைபடத்தில் கிணற்றை வரைந்து, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். படிகளையும் வரையச் சொல்லிவிட்டு வந்தான். ஊரில் இப்போது மாமியார் கதையை யாரும் சொல்வதில்லை; என் தம்பி கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை. அவன் மட்டும் பாதியில் எழுந்து போய்விடுகிறான்.

“நான் போட்ட கோட்டை நம்பித்தானேக்கா அந்தாளு அங்க நின்னாரு?” என்றான் ஒருநாள். மனசுக்குள் தவறின கணக்கை ஐந்து என்று திருத்திக்கொண்டேன்.

தபால் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு வளைவு இருக்கிறது. இன்று காலை அங்கே கிளம்பினான். ஒரு கையில் கம்பி, மறுகையில் மண்வெட்டி.

“மண்வெட்டி எதுக்குடா?”

“அங்க ஒரு மண்மேடு கிடக்குக்கா. முதல்ல அதை அள்ளணும்.”