வாயில்லாப் புழுவுக்கு ஒரு வேஷம்

சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது லோகநாயகியின் கடை. பரதநாட்டிய உடைகளும் பள்ளி மாறுவேடங்களும் வாடகைக்குத் தருகிறார். நாட்டியாஞ்சலி நடக்கும் நாட்களில் உள்ளே நிற்க இடமிருக்காது. மற்ற மாதங்களில் ஒரு காந்தி, இரண்டு முருகன், ஒரு தக்காளி போனால் அதிகம். கணவர் கண்ணாயிரம் அதே கடையில் தையல் மெஷினில் இருப்பார்.

2009 ஜனவரியில் கடலூரிலிருந்து பிரிசில்லா என்ற விலங்கியல் ஆசிரியை வந்தார். அவருடைய பள்ளி ஆண்டுவிழாவில் ‘கடல்’ என்றொரு நிகழ்ச்சி. மீன், ஆமை, நண்டு எல்லா வேஷத்தையும் லோகநாயகி தரலாம். நன்றாக அமைந்தால் இனி வருடா வருடம் பள்ளியின் உடைகள் மொத்தமும் அவரிடம்தான். அந்த ஒரு பள்ளி கிடைத்தால் கடையை மூடிவிட்டு ஏற்றுமதி கம்பெனிக்குத் தைக்கப் போக வேண்டியதில்லை என்பது கணவன் மனைவி இருவருக்கும் தெரியும்.

கடைசியாக ஆசிரியை ஒரு கலர் பிரின்ட்டை எடுத்து வைத்தார். வெள்ளைக் குழாய்கள் கொத்தாக நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் சிவப்பு.

“இது என்னா டீச்சர், லிப்ஸ்டிக்கா?”

“புழுக்கா. ராட்சதக் குழாய்ப்புழு. பசிபிக் கடலுக்கு அடியில, ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல, வெந்நீர் பீச்சியடிக்கிற எடத்துல இருக்கு. ஆள் உசரம் வளரும். கண்ணு கிடையாது, வாய் கிடையாது, வயிறு கிடையாது.”

“பின்ன எப்பிடி உசுரோட இருக்கு?”

“உள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. தண்ணியில வர்ற கந்தகத்த இந்தச் செவப்பு உறிஞ்சி உள்ள அனுப்புது. அத வெச்சு பாக்டீரியா சாப்பாடு செஞ்சு போடுது.”

மெஷினை நிறுத்தாமலே கண்ணாயிரம் சொன்னார்: “நானும்தான் செஞ்சு போடுறேன். இங்க வாய் மட்டும் மூடல.”

“உங்க உப்புமாவுக்குத்தான் மாமா வாயத் தொறந்தேன்” என்றார் லோகநாயகி.

நடன உடையின் முன்புறம் விசிறிபோல் விரியும் மடிப்புத் துணி உண்டு. கிழிந்த உடைகளிலிருந்து சிவப்பு விசிறிகளைப் பிரித்தெடுத்து உச்சிக்கு வைத்தார். பிரம்பு வளையங்களில் வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்ததில், உள்ளே இருப்பவர் உட்கார்ந்தால் குழாயும் மடிந்து இறங்கியது. எல்லாம் முடிந்ததும், வழக்கம்போல இரண்டு பெரிய கண்களை வரைந்தார்.

பார்க்க வந்த பிரிசில்லாவுக்கு முகம் மாறிவிட்டது. “அக்கா, கண்ணு எதுக்கு?”

“என் கடையிலேர்ந்து கண்ணு இல்லாம எதுவும் போனதில்ல. கத்திரிக்காய்க்கே வெச்சிருக்கேன்.”

வரைந்த கண்ணின் கருவிழியில் ஓட்டை இருக்கும். குழந்தை அதன் வழியாகத்தான் பார்க்கும். யாரோ தைத்த, கண் வைக்காத பூசணிக்காய்க்குள் இருந்த பையன் மேடை விளிம்பிலிருந்து விழுந்ததை லோகநாயகி நேரில் பார்த்திருக்கிறார்.

“கண்ணு வெச்சா அது அந்தப் புழுவே இல்லக்கா. பசங்களுக்கு நானே தப்பா சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார் பிரிசில்லா.

இரண்டு நாள் யோசித்து, மெல்லிய மல் துணியில் தன் உயரத்துக்கே ஒரு குழாய் தைத்து, பட்டப்பகலில் அதை மாட்டிக்கொண்டு சந்து முனையில் நின்றார் லோகநாயகி. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார்.

“யக்கா, இது எந்தக் கட்சி சின்னம்?”

உள்ளிருந்து அவருடைய பல் வரை தெரிந்தது. வெளியே இருந்து எதுவும் தெரியவில்லை என்று கண்ணாயிரமும் சொன்னார். குழந்தைக்குத் தைத்திருந்த சின்னக் குழாயையும் அதே துணியில் மாற்றித் தைத்தார். கண்கள் போயின.

விழாவன்று வளையம் ஏதாவது உடைந்தால் மாற்றலாம் என்று பெரிய குழாயையும் எடுத்துப்போனார். புழுவாக நிற்கவேண்டியவள் மூன்றாம் வகுப்பு கனிமொழி. பகல் ஒத்திகையில் குறையில்லை. மாலையில், திரை உயர்வதற்குச் சற்று முன், மேடை விளக்குகள் அணைந்து ஒரே ஒரு நீல விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. கடலடியில் வெளிச்சம் கிடையாதே என்று பிரிசில்லாதான் சொல்லிவைத்திருந்தார். இருட்டில் மல் துணி சுவராகிவிட்டது.

“ஆன்ட்டி, ஒண்ணும் தெரியல. நான் போவ மாட்டேன்” என்றது குழாய்.

“லைட்ட போடச் சொல்லுங்க டீச்சர்.”

“லைட்டுக்காரர் கூட்டத்துக்கு அந்தாண்ட இருக்காருக்கா. தெரையத் தூக்கப்போறாங்க.”

லோகநாயகி பெரிய குழாயை எடுத்துத் தலைவழியாக மாட்டினார். பிரிசில்லா பதறினார்.

“பெரியவுங்க மேடையேறக் கூடாதுக்கா. தாளாளர் முன்வரிசையில இருக்காரு. தெரிஞ்சா ஆர்டரே போயிடும்.”

“உள்ள யாருன்னு எப்பிடித் தெரியும்? கண்ணு இல்ல, வாய் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க.”

திரை உயர்ந்தபோது குட்டையும் நெட்டையுமாக இரண்டு புழுக்கள் ஒட்டி நின்றன. துணிக்கு அடியில் சின்னக் கை பெரிய கையைப் பிடித்திருந்தது. நண்டு நெருங்கியதும் இரண்டும் குழாயோடு சேர்ந்து தரைக்கு இறங்கின. கூட்டம் கைதட்டியது. எழும்போது மட்டும் பெரிய குழாய் ஒரு சாண் மேலே தூக்கிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் தாளாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். “அந்தப் பெரிய புழு எந்த கிளாஸ்? கால்ல மெட்டி போட்டிருந்துச்சே.”



“நான்தான் சார்” என்றார் லோகநாயகி. “இருட்டுல பாப்பா பயந்துடுச்சு. தனியா விட மனசு வரல. டீச்சர் வேணான்னுதான் சொன்னாங்க.”

தாளாளர் கனிமொழியிடம் திரும்பினார். “பயமா இருந்துச்சா?”

“மொதல்ல இருந்துச்சு சார். அப்புறம் ஆன்ட்டிதான் பயந்தாங்க. அவுங்க கையெல்லாம் ஒரே வேர்வை.”

தாளாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு லோகநாயகியைப் பார்த்தார். “அடுத்த வருஷம் முன்கூட்டியே வந்து லைட்டப் பாத்துடுங்கம்மா. அப்புறம் தைக்கலாம்.”

அந்தப் பள்ளிக்கு அவர் உடை தருவது இது நான்காவது வருடம். அளவெடுக்கப் போகும் அன்றே, லோகநாயகி முதலில் லைட்டுக்காரரைத் தேடுகிறார். அந்தப் புழுவை அதன்பின் யாரும் கேட்கவில்லை. சிவப்பு விசிறிகளைப் பிரித்து நாட்டியாஞ்சலிக்கு வந்த ஒரு பெண்ணின் உடையில் வைத்துவிட்டார்.