புளி பட்ட பளிங்கு மேசை

நாளைக் காலை மேசையை எடுக்க வண்டி வருகிறது. எனக்கு இப்போதே கை கால் பரபரக்கிறது. ஒரு மரச்சாமானுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்தக் காலத்து ஜெர்மன் மேசை அது. கால்களில் திராட்சைக் கொடி சுற்றிச் சுற்றி ஏறும், செதுக்கிய ஒவ்வோர் இலையிலும் தங்கப் பூச்சு மின்னும், மேலே சாம்பல் ரேகை ஓடும் வெள்ளைப் பளிங்கு. பளிங்கின் நடுவே மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குப் பளபளப்பு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்துப் பக்கம் பாபகூராவில் ஒரு கிளினிக்கின் வரவேற்பில் நான் வேலை பார்த்தேன். அங்கே டாக்டர் ஒரு மலேசியத் தமிழ் அம்மாள். டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை ஏலத்திலிருந்து போனில் கத்தினார்: "மேசை கெடச்சிருச்சு லா! உடனே வீட்டுக்கு வா!" ஏன் அத்தனை அவசரம் என்றால், அடுத்த வாரம் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். கோயில் வேண்டாம், ஐயர் வேண்டாம், பக்கத்து மனுகாவில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்ச, வீட்டிலேயே கையெழுத்து என்கிற அளவுக்கு இறங்கி வந்தாள். "நோ டிராமா, மம். ஒரே ஒரு டிராமா, வி கோ டு மனுகாவ்." மகள் கையெழுத்துப் போடத்தான் இந்த மேசை. கல்யாணத்தில் அம்மாவுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று காலையில் போனால், டாக்டரம்மா மேசை மேலேயே குத்துவிளக்கை வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! விளக்கு தகதகத்தது. மிச்சப் புளியை வீணாக்குவானேன் என்று பளிங்கையும் நாலு தேய் தேய்த்தார். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மெருகு போய்ச் செத்துக் கிடந்தது. புளி ஆகாது, வயிற்றை அரிக்கும் என்று நாள் முழுவதும் நோயாளிகளுக்குச் சொல்கிற மனுஷி! கல்யாணச் சந்தோஷத்தில் படித்ததெல்லாம் மறந்து போயிற்று, பாவம். தரையில் உட்கார்ந்து அழுதார். "போச்சு! இத சாக்கா வெச்சு மனுகாவுக்கே கெளம்பிருவா லா!" நான் அவசரமாக ஒரு பட்டுப் புடவையை மடித்து மேலே போட்டேன்.

மகள் வந்ததும் முதல் வேலையாகப் புடவையை உருவினாள். "வாட் ஹேப்பண்ட்?"

"புளி," என்றார் டாக்டரம்மா.

மகள் பளிங்கைப் பார்த்தாள். அம்மாவின் பழுப்பேறிய விரல்களைப் பார்த்தாள். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். பதிவுக் காகிதத்தை அந்த மங்கிய இடத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு, எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண், தமிழில் சொன்னாள்: "இங்கயே போடறேன்மா. பேப்பர் வழுக்காது."

டாக்டரம்மா இப்போது இல்லை. மகள் இருந்த வாடகை வீட்டில் இடமில்லாததால் மேசை என்னிடம் தங்கியது. இப்போது அவள் சொந்த வீடு வாங்கிவிட்டாள்! ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பட்டறையில் பளிங்குக்கு மெருகேற்றுகிறார்கள், மெருகு போட்டே அனுப்பட்டுமா என்று நேற்று போனில் கேட்டேன்.

"தொட்டீங்க, டிராமா பண்ணுவேன்!" அப்படியே அவள் அம்மாவின் கத்தல். பிறகு குரல் தாழ்ந்தது. "ஆன்ட்டி, அம்மாவோட வெளக்க ஏத்தணும். தேய்க்க எவ்ளோ புளி?"

"எலுமிச்சை அளவு போதும்மா."

"எங்க வெச்சுத் தேய்க்க?"

"மேசை மேலயே வெச்சுத் தேயேன்," என்றேன். "அந்த எடத்துல மட்டும்."