மலைப்பள்ளியில் மோதிய மின்துகள்கள்

இயற்பியல் வாத்தியார் வேலை என்பது, கண்ணால் பார்க்காததைச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்வது. அந்தத் தூசியைத் தின்றவர்களே, நீங்களே சொல்லுங்கள்! ப்ளஸ் டூ வந்த புதிதில் ஜவ்வாது மலையில் எனக்கு ஆறே பிள்ளைகள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் சயின்ஸ் குரூப்பை மூடிவிடுவார்கள். கலசப்பாக்கத்துக்கு இறங்கிப்போய்ப் படிக்க இதுகளுக்கு வழியில்லை.

காந்தப்புலம் என்ன செய்யும்?

ஓடுகிற மின்துகளின் பாதையைக் காந்தப்புலம் வட்டமாக வளைக்கும், வேகத்தைக் கூட்டாது, குறைக்காது என்று தொண்டை கிழியச் சொன்னேன். கடைசி பெஞ்சு கோவிந்தன் எழுந்தான். "எங்க மாமா மாதிரி சார். இப்பிடிப் போ, அப்பிடிப் போன்னு திருப்பி வுடுவாரு, சுமைக்கு ஒரு கை புடிக்க மாட்டாரு."

இது என்ன மோதல்?

ஒரே வகை மின்னூட்டம் உள்ள இரண்டு துகள்கள் நெருங்கும். தொடாமலே ஒன்றையொன்று தள்ளித் திரும்பும். முடிவில் மொத்த இயக்க ஆற்றல் குறையாது. இதற்குப் பெயர் மீட்சி மோதல். மகள் பொன்னிக்குச் சோறு கொண்டுவந்த சாமை விவசாயி, ஜன்னலோரம் நின்று முழுசும் கேட்டார். "இன்னா வாத்தியாரே, தொடவும் இல்ல, வேகமும் கொறையல, இதெல்லாம் ஒரு சண்டையா? எங்க பங்காளிங்க வரப்புக்கே மண்டைய ஒடைச்சிக்குவானுங்க."

அதிகாரி வந்த நாள்

மைதானத்தில் ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்களைச் சுண்ணாம்பால் போட்டேன். ஒன்றில் கோவிந்தன், மற்றதில் பொன்னி. காந்தப்புலத்தில் ஓடும் துகள்கள் மாதிரி இருவரும் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடவேண்டும். வட்டங்கள் தொடும் இடத்தில் நேருக்கு நேர் வந்ததும், அதே வேகத்தில் வந்த திசைக்கே திரும்பி, அடுத்தவர் வட்டத்தில் சுற்றவேண்டும். ஒத்திகையில் பிசகே இல்லை. நான் சும்மா இருந்தேனா? சம நிறை என்று காட்டுவதற்காக, அன்றைக்குப் பார்த்து இருவர் தலையிலும் ஒரே எடையில் விறகுச் சுமையை ஏற்றினேன்.

ஓடிவந்தார்கள். எதிரே தலைச்சுமையைக் கண்டதும், மலைப்பாதையில் செய்கிற மாதிரியே இரண்டும் ஒதுங்கி நின்றுவிட்டன. "நீ போ." "இல்ல, நீ போ." "வேகம் எங்கேம்மா போச்சு?" என்றார் அதிகாரி. பொன்னி சுமையை இறக்காமலே பதில் சொன்னாள்: "சுமையோட வர்றவங்கள இடிக்கக் கூடாதுன்னு நாங்கதான் நின்னுட்டோம் சார். துகளுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது, நாங்க துகளா இருந்திருந்தா கொஞ்சமும் வேகம் கொறையாம அவன் வட்டத்துல நானு, என் வட்டத்துல அவன் சுத்தினு இருப்போம்."

குரூப் பிழைத்தது, ஆனால் விதி தவறாமல் மோதிக்கொள்ளும் திறமை மட்டும் எங்கள் மலைப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை வரவேயில்லை.